பழைய 15 எச்பி அவுட்போர்டு: பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீரை நம்பாதீர்கள்

கடலோரத்தில் ஓடிய பழைய 2 ஸ்ட்ரோக் 15 எச்பி படகு மோட்டார் ஒன்று விலை குறைத்துக் கிடைக்கிறது, மேட்டூர் அணைத் தண்ணீருக்கு வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். அதே ரக மோட்டாருக்கு இம்பெல்லர் (கூலிங் தண்ணீரை மேலே ஏற்றும் பம்பின் ரப்பர் இறக்கைச் சக்கரம்) மாற்றிய கையோடு எழுதுகிறேன்.

இழுவை, 50-க்கு 1 ஆயில் கலவை எல்லாம் தெரிந்த கதை. இரண்டாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆகும், கார்புரேட்டர் தொல்லை தராது. இழவெல்லாம் கூலிங் தண்ணீரில்தான்.

பக்கவாட்டு ஓட்டையில் தண்ணீர் பீய்ச்சினால் கூலிங் சரி, நின்றால் கோளாறு என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே தப்பாகலாம். அந்த ஓட்டைக்குப் போவது ஒரு கிளை ஹோஸ் மட்டும்தான். குளவி மண்கூடு வைத்தாலோ சேறு அடைத்தாலோ வெளியே சொட்டுத்தான் வரும், உள்ளே சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். மாறாக, தெர்மோஸ்டாட் (சூடானால் திறந்து தண்ணீரை விடும் வால்வு) மூடியபடி சிக்கிக்கொண்டால் பல மாடல்களில் வெளியே ஜோராகப் பீய்ச்சும், சிலிண்டரை அடைத்திருக்கும் ஹெட் மட்டும் கொதிக்கும்.

அதனால் தண்ணீர் நின்றதும் மோட்டாரின் காலை, அதாவது இம்பெல்லர் இருக்கும் கீழ்ப்பகுதியை, கழற்ற ஓடாதீர்கள். என்ஜினை நிறுத்தி, மேல் மூடியைத் திறந்து, ஹெட் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று பொரிந்தால் 100 டிகிரியைத் தாண்டிவிட்டது. ஆறும் வரை தொடக்கூடாது. பொரியவில்லை என்றால் ஓட்டையில் தடித்த தூண்டில் நரம்பை விட்டுக் குடையுங்கள். பிறகு அந்த ஹோஸை உள்பக்கம் கழற்றி, சைக்கிள் பம்பால் உள்ளிருந்து வெளியே ஊதுங்கள். வெளியிலிருந்து ஊதினால் அழுக்கு திரும்ப உள்ளேதான் போகும். காலின் இருபுறமும் உள்ள தண்ணீர் வாங்கும் சல்லடைகளையும் பாருங்கள். பாதி நேரம் பாலித்தீன் பைதான் ஒட்டியிருக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி நூலில் கட்டி, தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். இந்த வகை மோட்டார்களில் சுமார் 50 டிகிரியில் திறக்க ஆரம்பிக்க வேண்டும்.

இத்தனைக்கும் சரியாகவில்லை என்றால் இம்பெல்லர். இங்கேதான் கோபம் வருகிறது. சில நூறு ரூபாய் ரப்பருக்காகக் கால் முழுவதையும் இறக்க வேண்டும். கியர் ராடு இணைப்பைக் கழற்றும் முன் அது நின்ற இடத்தைக் கோடு கீறி வையுங்கள். போல்ட்கள் இறுகியிருந்தால் முதல்நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் விடுங்கள். அடித்துத் திருகினால் முறியும். பழைய இம்பெல்லரின் இறக்கைகளை எண்ணுங்கள். ஆறில் ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டு மேலே எங்கோ குழாயிலோ தெர்மோஸ்டாட் வாயிலோ உட்கார்ந்திருக்கும். அதை எடுக்காமல் புதியதைப் போட்டால் ஒரு வாரத்தில் மறுபடி அதே கதை. அடியிலுள்ள ஸ்டீல் தகட்டில் நகம் மாட்டும் அளவு கீறல் இருந்தால் அதையும் மாற்றுங்கள். சோப்புத் தண்ணீர் தடவி, ஷாஃப்டை மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் திருப்பிக்கொண்டே பம்ப் மூடியை அழுத்துங்கள். இறக்கைகள் தாமாகச் சரியான பக்கம் மடியும். காலை ஏற்றும்போது தண்ணீர்க் குழாய் ரப்பர் வளையத்துக்குள் நேராக இறங்கியதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பாதிப் பேர் தவறுவது இங்கேதான்.

பண்ணவாடியில் அணைத் தண்ணீரில் மூழ்கியிருக்கும் நந்தி சிலையின் தலை தெரிய ஆரம்பித்தால், அதாவது அணை நீர்மட்டம் 70 அடிக்குக் கீழே போனால், கரையோரம் முழுக்கச் சேறு. அந்தக் கோடையில் ஒரு இம்பெல்லர் செட் கையிருப்பில் இருக்கட்டும். ஆழம் இல்லாத இடத்தில் என்ஜினை நிறுத்தித் துடுப்பு போடுங்கள். டிரம்மில் விட்டுக் கழுவும்போது நல்ல தண்ணீர்தான் பிடிக்க வேண்டும். சேலத்து போர் உப்புத் தண்ணீரில் கழுவிக் கழுவி, ஹெட்டுக்குள் சுண்ணாம்பு படிய விட்டவர்கள் நிறைய.

இவ்வளவு திட்டியும் இந்த மோட்டாரை விற்க எனக்கு மனசு வராது. ஒரு ஸ்பேனர் செட்டோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்து பிரித்துப் பூட்டக்கூடிய மோட்டார் இன்று வேறில்லை. ஆனால் கேட்டவருக்கு என் பதில், வாங்க வேண்டாம். கடலில் ஓடியதில் உப்பும் அலுமினியமும் சேர்ந்து தண்ணீர் வழியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். வினிகர் ஊற்றி ஊறவைத்தால் கொஞ்சம் கரையும், தின்ற உலோகம் திரும்ப வராது.

பார்த்தே தீருவேன் என்றால், ஹெட்டின் பெயிண்ட் பழுப்பேறியோ கொப்பளித்தோ இருக்கிறதா பாருங்கள். அது ஒருமுறை வெந்த மோட்டார். ஹெட் போல்ட்டைச் சுற்றி வெள்ளைத் தூள் கசிந்திருந்தால் கழற்றும்போது முறியும். இரண்டு பிளக்கையும் எடுத்துவிட்டு, திராட்டிலை முழுக்கத் திறந்து, கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஐந்து இழுப்பு இழுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலையே பேசாமல் திரும்பிவிடுங்கள்.