வைட்டமின் சி டிரிப்ஸ் ஏற்றிய அன்று குளுக்கோமீட்டரை நம்பாதீர்கள்

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

சோர்வு தீரும், எதிர்ப்புச் சக்தி பெருகும் என்ற விளம்பரத்தைப் பார்த்து அம்மாவை ஒரு நலவாழ்வு மையத்துக்கு அழைத்துச் சென்றேன். 5 முறை டிரிப்ஸ் ஏற்ற 22,500 ரூபாய், முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள். "இரண்டு நோபல் பரிசு வாங்கிய லைனஸ் பாலிங்கே சொன்னதுதான் சார்" என்றார்கள். அம்மாவுக்கு என்ன நோய், என்ன மருந்து என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிறுநீரகப் பரிசோதனை, ஜி6பிடி பரிசோதனை (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி போதுமான அளவு இருக்கிறதா என்று பார்ப்பது) எதுவும் செய்யாமல் 25 கிராம் வைட்டமின் சி ஏற்றினார்கள். ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 80 மில்லிகிராம். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. ஒரு கொய்யாப்பழமே அதைத் தந்துவிடும்.

அன்று மாலை மீட்டரில் 412 காட்டியது. பதறிப்போய், 300-ஐத் தாண்டினால் எவ்வளவு போட வேண்டும் என்று எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த சீட்டின்படி கூடுதல் இன்சுலின் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அம்மாவின் புடவை வியர்வையில் நனைந்துவிட்டது. என் பெயரைச் சொல்ல வாய் குழறியது. மறுபடி குத்திப் பார்த்தேன், 298. சர்க்கரை ஏறியதால்தான் இப்படி என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் இன்சுலின் போடலாமா என்று ஊசியைக் கையில் எடுத்தும்விட்டேன்.

நல்லவேளை, பக்கத்து வீட்டு அக்கா ஆட்டோவை அழைத்துவிட்டார். மருத்துவமனை ஆய்வகத்தில் பார்த்தபோது உண்மையான சர்க்கரை அளவு 43. குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "இன்றைக்கு ஏதாவது வைட்டமின் டிரிப்ஸ் போட்டீர்களா?"

ரத்தத்தில் வைட்டமின் சி மிக அதிகமாக இருந்தால், பல மீட்டர்களின் பட்டை அதையும் சர்க்கரையாகவே கணக்கிட்டுவிடும். மருத்துவ உலகம் நன்கறிந்த சிக்கல் இது. ஊசி போடுகிறவர்களுக்குத் தெரியாது என்றால் அவர்கள் எதற்கு ஊசியைத் தொடுகிறார்கள்?

மையத்தில் கேட்டதற்கு, "வைட்டமின்தானே, அதிகமானால் சிறுநீரில் போய்விடும்" என்றார்கள். அப்படிப் போகும்போது ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறுகிறது, சிறுநீரகக் கல்லுக்கும் சிறுநீரகச் சேதத்துக்கும் அது வழி. பாலிங் பெரிய விஞ்ஞானி, மறுக்கவில்லை. ஆனால் புற்றுநோய்க்கு அவர் பரிந்துரைத்த 10 கிராம் அளவை மாத்திரையாகக் கொடுத்து அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை 1979-லும் 1985-லும் சோதித்தபோது பலன் தெரியவில்லை. நரம்பு வழியாக ஏற்றுவது வேறு என்று ஆய்வுகள் தொடர்கின்றன. அவை மருத்துவக் கண்காணிப்பில் நடப்பவை.

மீதி 4 முறைக்கான பணத்தைத் தர மறுத்துவிட்டார்கள். ரசீதில் மருந்தின் பெயரும் இல்லை, அளவும் இல்லை. அந்த ரசீதையும் மருத்துவமனைச் சீட்டையும் இணைத்து, மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.