பிளேஸ்டேஷன் 5: சோனியின் சொந்த கேம்கள் மட்டும் போதுமா?

சோனியின் சொந்த ஸ்டூடியோக்கள் செய்யும் கேம்களுக்காகவே பிளேஸ்டேஷன் 5 வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தனியாக உட்கார்ந்து, ஒரு பெரிய கதைக்குள் சண்டை போட்டுக்கொண்டே போவது பிடிக்குமா? பிடிக்கும் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். அந்த வகையில் இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. கோஸ்ட் ஆஃப் சுஷிமாவில் (2020) வழிகாட்டத் திரையில் அம்புக்குறி கிடையாது. காற்று வீசும் பக்கம் குதிரையைத் திருப்பினால் போதும். 2018இல் வந்த காட் ஆஃப் வாரில் தொடக்கம் முதல் முடிவு வரை கேமரா ஓரிடத்தில்கூட வெட்டுப்படாது.

இவற்றை வரிசையாக விளையாடிப் பாருங்கள், ஒரு சலிப்பு வரும். எல்லாவற்றிலும் கேமரா நாயகனின் முதுகுக்குப் பின்னால். புள்ளி சேர்த்துத் திறமைகளைத் திறக்க வேண்டும். காதருகே யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். காட் ஆஃப் வார் ராக்னராக்கில் (2022) புதிரை நாம் நின்று பார்ப்பதற்குள் கூட வருபவர் விடையைச் சொல்லிவிடுகிறார். எனக்குக் கோபமே வந்துவிடும்.

இந்த ஸ்டூடியோக்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் வருத்தம் இன்னும் கூடும். இப்போது தி லாஸ்ட் ஆஃப் அஸ் செய்யும் நாட்டி டாக் ஒரு காலத்தில் கிராஷ் பேண்டிகூட் என்ற தாவிக் குதிக்கும் கேம் செய்தது, 1999இல் அதே பாத்திரங்களை வைத்து கார்ட் ரேஸும் செய்தது. கோஸ்ட் ஆஃப் சுஷிமாவின் சக்கர் பஞ்ச் அன்று செய்தது ஸ்லை கூப்பர் என்ற திருட்டு ரக்கூனின் கதை. இன்று ஹொரைசன் செய்யும் ஆம்ஸ்டர்டாமின் கெரில்லா, கில்ஸோன் என்ற முதல்நபர் ஷூட்டர் (நாயகனின் கண்வழியே பார்த்துச் சுடும் கேம்) செய்தது. ஆளுக்கொரு திசையில் இருந்தவர்கள் கடைசியில் ஒரே வகைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஷூட்டர் பக்கத்தை நிரப்ப சோனி 2022இல் 360 கோடி டாலர் கொடுத்து பங்கி என்ற ஷூட்டர் நிறுவனத்தை வெளியிலிருந்து வாங்க வேண்டியிருந்தது.

ரேசிங்கில் கிரான் டூரிஸ்மோ 7 இருக்கிறது. பிரேக்கை அழுத்தும்போது கன்ட்ரோலரின் டிரிகர் விரலை எதிர்த்துத் தள்ளும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவது கைக்கே தெரியும். அருமையான கேம். ஆனால் வைப்அவுட் செய்த லிவர்பூல் ஸ்டூடியோவை 2012இலும், டிரைவ்கிளப் செய்த எவல்யூஷனை 2016இலும் மூடிவிட்டார்கள். விண்கலம்போல் பறக்கும் ரேஸ் வேண்டுமென்றால் இப்போது சோனியிடம் ஆளில்லை. ஸ்போர்ட்ஸில் பேஸ்பால் மட்டும்தான்.

நான் மனசாரப் பரிந்துரைப்பது ஆஸ்ட்ரோ பாட் என்ற தாவிக் குதிக்கும் குட்டி ரோபோ கேம். 2024இல் தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் விருது வாங்கியது. கண்ணாடித் தளம், மணல், மழை என ஒவ்வொன்றிலும் நடக்கும்போது கையில் அதிர்வு மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் ஏப் எஸ்கேப் என்ற பழைய கேமில்போலக் குரங்குகளை வலைபோட்டுப் பிடிக்கலாம், இன்னொன்று லோகோரோகோ என்ற பழைய கேமின் உலகம். அந்தக் குரங்கு கேமும் லோகோரோகோவும் சோனியின் ஜப்பான் ஸ்டூடியோவில் பிறந்தவை. அந்த ஸ்டூடியோவை 2021இல் கலைத்தார்கள். அதற்குள் வளர்ந்த டீம் அசோபி தனியாக நின்று இதைச் செய்திருக்கிறது. இத்தனை வகை கேம்களைச் செய்த இடத்தைக் கலைத்தது பெரிய தப்பு என்று இதை விளையாடும்போதெல்லாம் தோன்றுகிறது.

ஃபின்லாந்தின் ஹவுஸ்மார்க் செய்த ரிட்டர்னலும் வித்தியாசமானது. திரை முழுக்கப் பறக்கும் குண்டுகளுக்கு நடுவே ஓட வேண்டும், செத்தால் முதலிலிருந்து. பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

அப்புறம், இல்லாதவை. ஃபைட்டிங் கேம் கிடையாது. முறைவைத்து அடிக்கும் ஆர்பிஜி (பாத்திரங்களை வளர்த்துக்கொண்டே கதையில் போகும் கேம்) கிடையாது. 1999இல் லெஜண்ட் ஆஃப் டிராகூன் என்று அப்படி ஒன்றைச் செய்தவர்கள்தான் இவர்கள். எனக்கு உறைப்பது வேறொன்று. என் அக்கா மகள் வீட்டுக்கு வந்தால் இருவரும் ஒரே சோபாவில் சேர்ந்து விளையாட வேண்டும். கூடிப் பாடும் சிங்ஸ்டாரும், கேமரா முன் கையாட்டி ஆடும் ஐடாயும் செய்த லண்டன் ஸ்டூடியோவை 2024இல் மூடிவிட்டார்கள். ஆஸ்ட்ரோ பாட் ஒருவருக்கு மட்டும். கிரான் டூரிஸ்மோவில் திரையைப் பிரித்துப் போட்டி போடலாம், ஆனால் அவளுக்குக் கார் பிடிக்காது. நால்வர் சேர்ந்து ஆடக்கூடிய சாக்பாய் (2020) கேமை சோனி வெளியிட்டாலும் செய்தது சுமோ டிஜிட்டல் என்ற வெளி நிறுவனம். அதை முடித்துவிட்டு இப்போது இட் டேக்ஸ் டூ ஆடிக்கொண்டிருக்கிறோம். அதைச் செய்தது ஸ்வீடனின் ஹேஸ்லைட். அதற்கும் சோனிக்கும் சம்பந்தமில்லை, எக்ஸ்பாக்ஸிலும் கிடைக்கும்.