பாலாடையா, பால் பாட்டிலா?

மகனுக்கு நான்கு மாதம் முடிந்ததும் மதுரை சிம்மக்கல்லில் ஆடிட்டர் அலுவலக வேலைக்குத் திரும்பினேன். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்பதில் உறுதியாக இருந்தேன். காலையில் கையால் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவேன். பகலில் அத்தை அதை எதில் கொடுப்பது? சங்கு மாதிரி மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையிலா, பாட்டிலிலா? இரண்டு வாரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

வேகம் பாட்டிலுக்குத்தான். பத்து நிமிடத்தில் முடியும், சிந்தாது. பாலாடைக்கு அரை மணி நேரம், சட்டையும் நனையும். விலை பெரிய விஷயமே இல்லை.

எனக்கு முடிவைச் சொன்னது கழுவுகிற வேலை. பாட்டிலைக் கழற்றினால் நிப்பிள், மரை வளையம், மூடி என்று தனித்தனியாக வரும். தாய்ப்பாலின் கொழுப்பு நிப்பிளின் உள்பக்கமும் மரை இடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும். சோப்பு, வெந்நீர், பிரஷ் இல்லாமல் போகாது. சித்திரை வெயிலில் மத்தியானம் கழுவ மறந்த பாட்டிலைச் சாயங்காலம் திறந்தால் குப்பென்று புளித்த வாடை. பகலில் மூன்று வேளை பால் என்றால் மூன்று முறை கழுவி, கொதிக்க வைக்க வேண்டும். கண் மங்கலான அத்தை அந்த இடுக்கையெல்லாம் எப்படிப் பார்ப்பார்கள்? பாலாடையில் இடுக்கே கிடையாது. ஒரு குழி, ஒரு மூக்கு. விரலை விட்டுத் தேய்த்தால் சுத்தமானது கைக்கே தெரியும். சரியாகக் கழுவாத பாட்டில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். பால் பாட்டிலுக்கு விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992லேயே சட்டம் வந்துவிட்டது.

ஆனால் பாலாடையையும் பழகித்தான் கொடுக்க வேண்டும். அத்தை முதலில் காலை நீட்டிப் பிள்ளையைப் படுக்கப் போட்டு ஊற்றினார்கள். புரையேறிவிடும், ஆபத்து. தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் அக்கா செய்து காட்டினார்: மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, பாலாடை மூக்கைக் கீழுதட்டில் வைத்து லேசாகச் சாய்த்தால் பிள்ளையே உறிஞ்சிக் குடிக்கும்.

“இந்தக் காலத்துல போயி சங்குல ஊத்திக்கிட்டு இருக்கீக” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அதுகூடப் பரவாயில்லை. பிள்ளை அழுதாலே “பால் பத்தல, டின் பாலைக் குடு” என்பதுதான் வலித்தது. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். அழுகைக்கு ஆயிரம் காரணம் இருக்கும். பாட்டில் கொடுத்த நாட்களில் சாயங்காலம் என்னிடம் குடிக்க முரண்டு பிடித்தான். பாட்டிலால்தானா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

ஏழாம் மாதம் பாலாடையைத் தட்டிவிட ஆரம்பித்தான், அப்புறம் சின்ன டம்ளருக்கு மாறினோம். குறைமாதப் பிள்ளை, இரட்டைப் பிள்ளை வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள், எனக்கு அந்த அனுபவம் இல்லை.

அம்மா வீட்டுக்கு மேலூர் போகும் நாளில் இரண்டுமே வேண்டாம். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பாலூட்டும் அறை இருக்கிறது, இல்லையென்றால் பஸ்ஸிலேயே முந்தானைக்குள் கொடுத்துவிடுவேன். ஒருமுறை பக்கத்து சீட்டுப் பாட்டி, கேட்காமலே தன் முந்தானையையும் விரித்துப் பிடித்துக்கொண்டார்.