ஸ்விஃப்ட்டா, ஐ20 என் லைனா? ஏற்காட்டு மலையும் ஐந்து ரோடு சிக்னலும்

அத்தை மகன் ஒரு மாதமாக ஒரே கேள்வியோடு சுற்றிக்கொண்டிருக்கிறான். "மச்சான், எனக்கு ஐ20 என் லைன்தான் வேணும். அப்பா ஸ்விஃப்ட்டைத் தாண்டி வரமாட்டேங்கறார். நீ சொல்லு." எங்கள் வீட்டில் இருப்பது 2024 மாருதி ஸ்விஃப்ட். நண்பன் ஒருவனிடம் ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line), கையால் கியர் மாற்றும் மேனுவல், இருக்கிறது. இரண்டையும் சேலத்துக்குள்ளும் ஏற்காட்டு மலையிலும் ஓட்டியிருக்கிறேன் என்பதுதான் இதை எழுத எனக்கிருக்கும் தகுதி.

முதலில் பெயரில் இருக்கும் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஐரோப்பாவில் விற்ற ஐ20 'என்' (N) என்பது 1.6 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளிக் கூடுதல் சக்தி எடுக்கும் இன்ஜின்), 204 பிஎஸ் (குதிரைத்திறன்) கொண்ட முரட்டு வண்டி. நமக்கு 2021-இல் வந்தது என் 'லைன்'. 1 லிட்டர் டர்போ, 120 பிஎஸ். ரேஸ் வண்டி இல்லை, விறுவிறுப்பான குடும்ப வண்டி. சஸ்பென்ஷனைக் கொஞ்சம் இறுக்கியிருக்கிறார்கள், ஸ்டீயரிங்குக்குக் கனம் கூட்டியிருக்கிறார்கள், பின்னால் இரட்டைக் குழாய் சைலன்சர், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். தயாராவது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், இருங்காட்டுக்கோட்டையில். ஸ்விஃப்ட்டிலும் 'ஸ்போர்ட்' என்று ஒன்று வெளிநாட்டில் உண்டு, நம் ஊருக்கு அது வரவேயில்லை. 2005-இல் முதல் ஸ்விஃப்ட் இங்கே வந்தபோது அதுதான் இளவட்டங்களின் வண்டி. இன்று அதே பெயரை அப்பாக்கள் சிபாரிசு செய்கிறார்கள்!

சரி, மலைக்குப் போவோம். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். நான்கு பேர், ஏசி ஓடுகிறது, முன்னால் ஒரு அரசுப் பேருந்து. ஸ்விஃப்ட்டில் வளைவைத் திருப்பி முடித்து செகண்ட் கியரில் மிதித்தால் வண்டி ஒரு கணம் யோசிக்கும். அதன் 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின் தரும் 112 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை, முழுசாக வருவதே 4,300 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை). ஆகவே ஒன்று உறுமவிட்டு ஏற்ற வேண்டும், இல்லையென்றால் ஃபர்ஸ்ட்டுக்கு இறங்க வேண்டும். வண்டியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு என்பதால் எப்படியும் ஏறிவிடும். ஆனால் பேருந்தை முந்துவதற்கு நேரான இடம் கிடைக்கும்போது மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டுத்தான் வெளியே எடுப்பேன்.

என் லைனில் அந்தக் கணக்கே தேவையில்லை. 172 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,500 ஆர்பிஎம்மிலிருந்தே கிடைக்கிறது. மிதித்ததும் முதுகு சீட்டில் அழுந்துகிறது, பேருந்து கண்ணாடியில் சின்னதாகிவிடுகிறது. 1,500-க்குக் கீழே விழுந்தால் மட்டும் டர்போ தூங்கிப்போகும். அதை எழுப்ப ஒரு கணம் ஆகும், எழுந்ததும் மொத்த இழுவையும் ஒரே மூச்சில் வரும். இரண்டு வளைவில் கால் பழகிவிடுகிறது. மேலே போய் நிறுத்தியதும் சாவியை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். வேகமாக ஏறிய டர்போ சூடாக இருக்கும், ஆயில் சுற்றிக்கொண்டிருந்தால்தான் அது பக்குவமாக ஆறும்.

120 பிஎஸ் வைத்துக்கொண்டு எங்கே பறப்பது என்று அத்தை வீட்டுக்காரர் கேட்பது நியாயமான கேள்விதான். நான்குவழி தேசிய நெடுஞ்சாலையில் காருக்கு உச்ச வேகம் 100. அந்த 100-ஐ ஸ்விஃப்ட் அலுங்காமல் தொடும். வித்தியாசம் உச்ச வேகத்தில் இல்லை, 50-லிருந்து 90-க்குப் போக எடுக்கும் நேரத்தில் இருக்கிறது. இருவழிச் சாலையில் கரும்பு லாரியை முந்தும்போது எதிர்ப்பக்கத்தில் நீங்கள் இருக்கும் நேரம் குறைகிறதே, அதற்குத்தான் அந்தப் பிக்கப்.

இப்போது திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சேலம் ஐந்து ரோடு சந்திப்புக்கு வாருங்கள். மலையில் சிரித்த வண்டி இங்கே சும்மா நிற்கிறது. ஃபர்ஸ்ட், செகண்ட், மறுபடி ஃபர்ஸ்ட். ஸ்விஃப்ட்டின் கிளட்ச் இலகு, திருப்பம் சின்னது, இடுக்கில் நுழைந்து வெளியே வந்துவிடும். என் லைனை ஏழு கியர் டிசிடியில் (தானே கியர் மாற்றும் இரட்டைக் கிளட்ச் வகை) வாங்கினால் கிளட்ச் மிதிக்கும் வேலை இல்லை. ஆனால் அது ஆயிலில் நனையாத உலர் கிளட்ச். ஊர்ந்து ஊர்ந்து போவது எந்த உலர் கிளட்சுக்கும் பிடிக்காது, சூடேறும். தினமும் நெரிசலிலேயே கிடப்பவர்களுக்கு நான் மேனுவலைத்தான் சொல்வேன்.

டயரையும் பாருங்கள். என் லைனில் 195/55 ஆர்16. ஸ்விஃப்ட்டின் உயர் ரகங்களில் 185/65 ஆர்15. முதல் எண் டயரின் அகலம். அதில் நடு எண் சொல்லும் சதவீதத்தைக் கணக்கிட்டால் ரப்பர் சுவரின் உயரம் தெரிந்துவிடும்: முதலாவதில் 107 மில்லிமீட்டர், இரண்டாவதில் 120. இந்த 13 மில்லிமீட்டர் குறைவதால்தான் வளைவில் வண்டி தரையைக் கவ்விப் பிடிக்கிறது. மழைக்குப் பிறகு தண்ணீர் மூடிய பள்ளத்தில் இறங்கும்போது ரிம் அடி வாங்குவதும் அதனால்தான். நண்பனின் வண்டியில் போன ஐப்பசி மழையில் ஒரு டயரின் பக்கச்சுவர் வெட்டுப்பட்டது. பக்கச்சுவருக்குப் பஞ்சர் போட முடியாது, புது டயர்தான்.

அப்புறம் காசு. எல்லோரும் சண்டை போடுவது மைலேஜுக்கு. ஸ்விஃப்ட் மேனுவலுக்கு நிறுவனம் சொல்வது லிட்டருக்கு 24.8 கிலோமீட்டர். டவுனுக்குள் எனக்குக் கிடைப்பது 16, நண்பனுக்கு என் லைனில் 11. பைபாஸில் 90-இல் போனால் 22-ம் 17-ம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் முழுக்க டவுன் ஓட்டம் என்று வைத்தாலும் வித்தியாசம் 28 லிட்டர் சொச்சம். லிட்டர் 100 ரூபாய் என்றால் 2,800 ரூபாய். ஆனால் ஆன்ரோடு விலையில் (வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்தது) இருக்கும் வித்தியாசத்தை யாரும் பேசுவதில்லை. நடுத்தர ஸ்விஃப்ட்டுக்கும் தொடக்க நிலை என் லைனுக்கும் இடையில் 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷக் கடனுக்கு அது மட்டுமே மாதம் 6,200 ரூபாய் தவணை. பெட்ரோல் வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

என் லைன் பக்கம் போகிறவர்கள் 10 லட்சம் என்ற கோட்டை மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரையான காருக்குச் சாலை வரி 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. 9.9 லட்ச வண்டிக்கு 1,28,700 ரூபாய் வரி. 10.1 லட்ச வண்டிக்கு 1,81,800. இருபதாயிரம் ரூபாய் சன்ரூஃப் ஆசைக்கு ஐம்பத்து மூவாயிரம் கூடுதல் வரி! ஜிஎஸ்டியில் மட்டும் இந்தப் பாகுபாடு இல்லை. 2025 செப்டம்பரிலிருந்து நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு 18 சதவீதம், இரண்டுமே அதற்குள் வருகின்றன. இன்னொரு வேடிக்கை: மூன்றாம் நபர் காப்பீட்டை சிசி பார்த்துத்தான் போடுகிறார்கள். 2022-இல் நிர்ணயித்தபடி 1,000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், அதற்கு மேல் 1,500 சிசி வரை 3,416. என் லைன் 998 சிசி, ஸ்விஃப்ட் 1,197. ஆக, வேகமான வண்டிக்கு இங்கே குறைவு. சந்தோஷப்பட வேண்டாம், சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் வண்டி மதிப்பைப் பார்த்து அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

சர்வீஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்விஃப்ட்டுக்கு எந்தக் கிராமத்திலும் மெக்கானிக் கிடைப்பார், விற்கப் போனால் ஒரே வாரத்தில் போய்விடும். டர்போ வண்டிக்கு ஆயிலை நாள் தவறாமல் மாற்ற வேண்டும், அதில் சோம்பேறித்தனம் ஆகாது. டிக்கி என் லைனில்தான் பெரிசு: 311 லிட்டர், ஸ்விஃப்ட்டில் 265. ஆறு ஏர்பேக் இரண்டிலும் உண்டு.

டெஸ்ட் டிரைவை மட்டும் யாரும் தனியாகப் போய்ப் பார்க்காதீர்கள். போன ஞாயிறு நண்பனின் என் லைனில் அத்தை மகனையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனேன். மூன்றாவது வளைவில் அவன் முகத்தில் சிரிப்பு. ஏழாவது வளைவில் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது: "கண்ணு, கொஞ்சம் மெதுவாப் போ, வயித்தைப் பெரட்டுது." தப்பு வண்டியுடையது இல்லை, ஓட்டிய என்னுடையது. ஆனால் மெதுவாகப் போவதற்கு எதற்கு டர்போ?

நான் ஒற்றை ஆளாக இருந்து, வாராவாரம் மலையேறுகிறவனாக இருந்தால் 10 லட்சத்துக்குள் அடங்கும் என் லைன் மேனுவலை எடுப்பேன். அத்தை மகனுக்கு தினமும் டவுனுக்குள் 40 கிலோமீட்டர், வீட்டுக்கு ஒரே கார், பின் சீட்டில் அத்தை. ஸ்விஃப்ட் எடு என்று சொல்லிவிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. நண்பனின் நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான்.