ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: மறுபடி பார்ப்பதற்கு 2003-ஆ, பிரதர்ஹுட்டா?

ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் என்ற ஜப்பானிய அனிமேயில் வரும் நீனா என்ற சிறுமியின் கதையை முதல் தடவை பார்த்தபோது முடிவில்தான் அழுதேன். இந்தத் தடவை அவள் நாயோடு ஓடி விளையாடும் இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை, "இன்னும் ஒண்ணுமே நடக்கலையே அண்ணா" என்றாள். நடக்கப் போவது தெரிந்திருப்பதுதான் காரணம்.

அந்தக் கதையை இரண்டு முறை தொடராக எடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதமாக இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தோம். செத்துப்போன அம்மாவை ரசவாதத்தால் திரும்பக் கொண்டுவர முயன்று தோற்று, அதில் இழந்த உடலை மீட்கத் தேடி அலையும் இரண்டு சகோதரர்களின் கதை இது. இரண்டையும் எடுத்தது போன்ஸ் ஸ்டுடியோ. அண்ணன் எட்வர்டுக்கும் தம்பி அல்போன்சுக்கும் இரண்டிலும் அதே குரல்கள்தான்: ரோமி பார்க், ரியே குகிமியா. முதலாவது செய்ஜி மிசுஷிமா இயக்கி 2003 அக்டோபரில் தொடங்கிய 51 எபிசோடு. அடுத்தது யாசுஹிரோ இரியே இயக்கி 2009 ஏப்ரலில் தொடங்கிய 64 எபிசோடு, பிரதர்ஹுட். முதல் தொடர் வந்தபோது மூலமான ஹிரோமு அரகாவாவின் மங்கா (ஜப்பானியப் படக்கதை) பாதிகூட வரவில்லை. அதனால் அவர் சம்மதத்தோடு அந்தக் குழு தனக்கென்று வேறொரு முடிவை எழுதிக்கொண்டது. மங்கா 2010-ல் முடிந்தபோது பிரதர்ஹுட்டும் கூடவே முடிந்தது. கீழே முடிவுவரை எல்லாவற்றையும் பேசுகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் பாதியில் எனக்குச் சந்தேகமே இல்லை, 2003-தான். பிரதர்ஹுட்டில் நீனா நான்காவது எபிசோடில் அறிமுகமாகி அதே எபிசோடில் போய்விடுகிறாள். 2003-ல் சகோதரர்கள் அரசாங்க ரசவாதித் தேர்வுக்குப் படிக்க அவள் வீட்டிலேயே தங்குகிறார்கள். சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து விளையாடி, அவள் அவர்களுக்கு ஒரு தங்கையாகவே ஆகிவிடுகிறாள். சகோதரர்களுக்கு நெருக்கமான ராணுவ அதிகாரி ஹ்யூஸும் அப்படித்தான். பிரதர்ஹுட்டில் அவர் இறப்பது 10-வது எபிசோடில், 2003-ல் 25-வதில். அவர் மகள் எலிசியா பிறக்கும் நாளில் எட்வர்டும் அல்போன்சும் அந்த வீட்டில் இருப்பதை 2003-ல் நம் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். ஆகவே சவ அடக்கத்தில் அந்தக் குழந்தை அப்பாவை ஏன் புதைக்கிறார்கள் என்று கேட்கும்போது, பிறந்ததிலிருந்து நமக்குத் தெரிந்த குழந்தை கேட்பதாக இருக்கிறது. பிரதர்ஹுட்டிலும் அந்தக் காட்சி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவசரம் தெரிகிறது. அதன் முதல் எபிசோடு மங்காவில் இல்லாத ஒரு பனி ரசவாதியின் கதை. இத்தனை பேரை ஒரே மூச்சில் அறிமுகப்படுத்துவது இரண்டாம் தடவையும் எனக்கு ஒட்டவில்லை.

ஹோமங்குலஸ்கள், அதாவது பாவங்களின் பெயர் கொண்ட செயற்கை மனிதர்கள், அவர்கள் விஷயத்தில்தான் இரண்டும் அடியோடு பிரிகின்றன. பிரதர்ஹுட்டில் அவர்கள் 'தந்தை' என்பவன் தன்னிடமிருந்து பிரித்தெடுத்த பாவங்கள். 2003-ல், செத்தவர்களைத் திரும்பக் கொண்டுவர முயன்று தோற்றவர்கள் உண்டாக்கியவை. ஸ்லாத்தை (சோம்பல்) எடுத்துக்கொள்ளுங்கள். பிரதர்ஹுட்டில் நாட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டும் ஒரு சோம்பேறி ராட்சதன், அவ்வளவுதான். 2003-ல் ஸ்லாத்துக்குச் சகோதரர்களின் அம்மாவின் முகம். சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அந்த இரவில் அவர்களே உண்டாக்கியது. நாட்டை ஆளும் பிராட்லியின் செயலாளராக அந்தப் பெண் வந்துபோகும் காட்சிகளை முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை. இந்தத் தடவை அவர் பிராட்லிக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்ததும் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் எட்வர்டு அம்மாவின் முகமுள்ள ஒரு உடலை ஆல்கஹாலாக மாற்றி ஆவியாகக் கரைய விடுகிறான். அதற்கு அப்புறம் கொஞ்ச நேரம் எங்களால் அடுத்த எபிசோடைப் போட முடியவில்லை.

பிரதர்ஹுட்டை மறுபடி பார்க்கும்போது வேறொருவர் மேலே வருகிறார், அப்பா ஹோஹன்ஹைம். குடும்பப் படத்தில் அவர் மட்டும் அழுதுகொண்டிருப்பார். முதல் தடவை அது ஏன் என்று தெரியாமல், எட்வர்டோடு சேர்ந்து நானும் அவரை வெறுத்தேன். அவர் உடம்புக்குள் 5,36,329 உயிர்கள் இருப்பதும், அத்தனை பேரோடும் அவர் ஒவ்வொருவராகப் பேசியிருப்பதும் தெரிந்தபின் அந்தப் படத்தைப் பார்த்தால் அவர் மேல் துளி கோபமும் வரவில்லை. மனைவியின் கல்லறை முன்னால் அவர் மண்டியிட்டபடி உயிர்விடுவதை இந்த முறை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. 2003-ல் ஹோஹன்ஹைமுக்கு இந்த ஆழம் கிடையாது. வில்லியாக வரும் டான்டேயும் கடைசிக் கட்டத்தில்தான் முழுதாக வெளிப்படுகிறாள். கதை இறுக வேண்டிய இடத்தில் தளர்கிறது. பிரிக்ஸ் கோட்டையின் ஒலிவியர் ஆர்ம்ஸ்ட்ராங்கும், ஷிங் நாட்டிலிருந்து வரும் லிங்கும் லான் ஃபானும் பிரதர்ஹுட்டில் மட்டும்தான். பின்பாதிக்கு உயிர் கொடுப்பவர்கள் அவர்கள்.

இசையில் என் மனது 2003 பக்கம்தான். 'பிராட்யா' என்ற அந்த ரஷ்ய மொழிப் பாட்டு ஒன்றே போதும்.

இரண்டும் ஒரே விதியைச் சுற்றியவை. ஒன்றைக் கொடுக்காமல் இன்னொன்றைப் பெற முடியாது, அதுதான் சம பரிமாற்றம். 2003-ன் தொடக்கத்தில் அல்போன்ஸ் அந்த விதியைச் சொல்லிவிட்டு, 'அதுதான் உலகத்தின் உண்மை என்று அப்போது நம்பினோம்' என்பான். 'நம்பினோம்' என்ற அந்த இறந்தகாலம் இந்த முறைதான் என் காதில் விழுந்தது. எபிசோடுக்கு எபிசோடு முடிவைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்! உழைத்தவர்கள் எல்லோருக்கும் கூலி கிடைத்துவிடுகிறதா என்று டான்டே கேட்கும்போது எட்வர்டால் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் அண்ணன் நம் உலகத்தின் மியூனிக்கில், தம்பி பயணத்தின் நினைவே இல்லாத பத்து வயதுப் பையனாக. 2005-ல் வந்த படம் அவர்களைச் சேர்த்துவைக்கிறது. ஆனாலும் எனக்கு அந்தப் பிரிவோடு நின்றிருந்தால்கூடச் சம்மதம்.

பிரதர்ஹுட் அதே விதியைப் பொய் என்று சொல்வதில்லை. பத்து வாங்கினால் தன்னுடைய ஒன்றையும் சேர்த்துப் பதினொன்றாகத் திருப்பிக் கொடுப்போம் என்கிறார்கள் சகோதரர்கள். தம்பியை மீட்க எட்வர்டு தன் ரசவாதத்தையே கொடுத்துவிட்டு, ரசவாதம் போனாலும் தனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்கிறான். முடிவு என்று கேட்டால் நான் இதைத்தான் எடுப்பேன். முதன்முதலாகப் பார்ப்பவருக்கும் பிரதர்ஹுட்டையே சொல்வேன். அதற்குத் தலையும் வாலும் ஒரே கையில் உருவானவை.

ஆனால் மறுபடி பார்ப்பதற்கு 2003. அடுத்த விடுமுறைக்கு அதைத்தான் எடுப்பதென்று தங்கையோடு பேசி முடிவாகிவிட்டது. ஹ்யூஸ் எபிசோடைத் தாண்டிப் போய்விடலாமா என்று கேட்டேன். கூடாது என்றாள்.