திதி தெரியும், தேதி தெரியாது

தாத்தா இறந்தது ஆனந்த வருடம், ஆடி மாதம், தேய்பிறை தசமி. எங்கள் வீட்டில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஐம்பது வருடமாகத் திவசம் விடாத குடும்பம். ஆனால் அரசாங்க விண்ணப்பத்தில் 'இறந்த தேதி' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் தேய்பிறை தசமி என்று எழுத முடியாது. சிங்கப்பூரிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனதில் பாதி நேரத்தை அந்தக் கட்டம்தான் தின்றது.

விஷயம் நிலம். ஊரில் உள்ள நஞ்சையின் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. பெயர் மாற்ற வாரிசுச் சான்று வேண்டும். வாரிசுச் சான்று கேட்டால் தாசில்தார் அலுவலகம் இறப்புச் சான்றுகளைக் கேட்கும்: தாத்தாவுக்கு, பாட்டிக்கு, பிள்ளைகளில் முந்திப் போய்ச் சேர்ந்த பெரியப்பாவுக்கு, என் அப்பாவுக்கு. இதில் அப்பாவுடையது மட்டும் சிரமமே தரவில்லை. சிங்கப்பூரில் 2022 மே மாதக் கடைசியிலிருந்து, மருத்துவர் மரணத்தை உறுதிசெய்ததுமே பதிவு தானாக ஆகிவிடுகிறது. சான்றிதழை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். இந்தியா 2005-லும் சிங்கப்பூர் 2021-லும் அப்போஸ்டில் உடன்படிக்கைக்குள் (ஒரு நாட்டின் ஆவணத்தை அந்த நாட்டு முத்திரை ஒன்றை வைத்தே மற்ற நாடு ஏற்கும் ஏற்பாடு) வந்துவிட்டதால், முத்திரை வாங்கத் தூதரக வாசலில் நிற்கவும் வேண்டியிருக்கவில்லை. மற்ற மூன்றும் ஊரில்.

ஊர் என்றால் எந்த மாவட்டம் என்பதே முதல் சிக்கல். தாத்தா இறந்த ஆனந்த வருடத்தில், அதாவது 1974-இல், எங்கள் கிராமம் தஞ்சாவூர் மாவட்டம், மாயூரம் தாலுகா. மாயூரம் 1982-இல் மயிலாடுதுறை ஆனது. 1991-இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமாகி எங்களை எடுத்துக்கொண்டது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறையே மாவட்டத் தலைநகராகிவிட்டது. வீடு நகரவில்லை, மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது. பழைய பதிவைத் தேடுகிறவர்கள் தங்கள் ஊரின் இந்தச் சரித்திரத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கவுன்ட்டரில் இருக்கும் இளைஞருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ) போனோம். கிராம ஊராட்சிகளில் பிறப்பு இறப்புப் பதிவாளர் அவர்தான் என்பது பலருக்கும் தெரியும். முடிந்த வருடங்களின் பதிவேடுகள் அவரிடம் இருக்காது என்பது தெரியாது. அவை நிரந்தரப் பாதுகாப்புக்காகச் சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுகின்றன. ஆம், பத்திரப் பதிவு நடக்கும் அதே அலுவலகம்தான். "1974-ஆ? அப்போது இந்தப் பதவியே கிடையாது சார்" என்று சிரித்தார் விஏஓ. உண்மைதான். அன்று எழுதியவர் கிராம முன்சீப். பரம்பரையாக வந்த முன்சீப், கர்ணம் பதவிகளை 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்த பிறகுதான் விஏஓ வந்தார். 2018 முதல் பதிவானவை மாநில இணையதளத்தில் இருக்கின்றன, வீட்டிலிருந்தே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்றும் அவரே சொன்னார். எங்கள் வீட்டுச் சாவுகளோ அதற்கெல்லாம் முந்தியவை.

இப்போது தேதி. சார் பதிவாளர் அலுவலகத்தில் தேடுவதற்கு ஆண்டுக் கணக்கில் கட்டணம். நாள் சரியாகத் தெரிந்தால் ஒரு வருடத்துக்குக் கட்டினால் போதும். அதைவிட முக்கியம், பழைய பதிவேட்டில் பெயர் அகரவரிசை எதுவும் கிடையாது. தகவல் வந்த வரிசையில் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டே போயிருப்பார்கள். தேதிதான் அங்கே துருப்புச் சீட்டு.

வீட்டுப் புரோகிதரிடம் பழைய பாம்புப் பஞ்சாங்கங்கள் கட்டுக்கட்டாகப் பரணில் இருந்தன. அவர் அப்பா சேர்த்து வைத்தவையாம். கரையான் அரித்தது போக ஆனந்த வருடம் தப்பித்திருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். "தசமி இரண்டு நாளில் விழுகிறது. ஆகஸ்ட் 12 அல்லது 13. திங்களா, செவ்வாயா என்று உங்கள் அத்தையைக் கேளுங்கள்" என்றார்.

அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. காலையில் சாப்பிட்டதை மறந்துவிடுவார். ஆனால் இதைக் கேட்டதும், "செவ்வாய்க்கிழமை" என்று பட்டென்று சொன்னார். ஆடிச் செவ்வாய் தேடிக் குளி, அரைத்த மஞ்சள் பூசிக் குளி என்பார்களே. அம்மியில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாராம், வயலிலிருந்து ஆள் ஓடி வந்தானாம். "அரைத்த மஞ்சளை அப்படியே வழித்துத் தொட்டியில் போட்டேனடா" என்றார். 1974 ஆகஸ்ட் 13 செவ்வாய்க்கிழமை. கட்டம் நிரம்பியது.

அலுவலக அனுபவத்தை ஒரேயடியாகத் திட்டவும் மனம் வரவில்லை, புகழவும் வரவில்லை. வாசலிலேயே ஒருவர் மறித்தார். கையில் பை, சட்டைப் பையில் பேனாக்கள். "வெளிநாடா சார்? நகல்தானே, நான் எடுத்துத் தருகிறேன்" என்று அவர் சொன்ன தொகை அரசாங்கக் கட்டணத்தைப்போல் பல மடங்கு. தம்பி (சித்தப்பா மகன்) கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனான். உள்ளே வேறு சிக்கல். ஆதார் அட்டை கேட்டார்கள். என்னிடம் இருப்பது சிங்கப்பூர்க் கடவுச்சீட்டும், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையும். "ஆதார் இல்லையென்றால் ரத்த உறவு என்று எப்படி நம்புவது?" என்றார் எழுத்தர். பதிவேட்டில் தேடச் சொல்லி நகல் கேட்க யாருக்கும் உரிமை உண்டு. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு 'எவரும்' என்றுதான் சொல்கிறது, உறவை நிரூபிக்கச் சொல்லவில்லை. இதை எடுத்துச் சொன்னேன். எழுத்தர் முகம் கடுத்தது. தம்பி குறுக்கே புகுந்து தன் ஆதாரை நீட்டித் தன் பெயரில் மனு எழுதிவிட்டான். சட்டம் என் பக்கம் இருந்தது. வேலை நடந்தது என்னவோ தம்பியால்தான். ஊரில் உள்ள சொந்தக்காரர் பெயரில் மனுக் கொடுப்பதே புத்திசாலித்தனம். இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்குப் போகும்போதும் அதுதான் கைகொடுக்கிறது.

சில நாள் கழித்துப் பதிவேட்டை வெளியே எடுத்தார்கள். நீளவாக்கில் பெரிய புத்தகம், முதுகில் காடாத் துணி ஒட்டியது. தூசி தட்டாமலே மேசையில் போட்டார் உதவியாளர். பக்கம் புரட்டுவது தனிக் கலை. ஓரம் பொடிந்துவிடாமல் இருக்க அட்டைத் துண்டு ஒன்றை அடியில் கொடுத்துத் திருப்பினார். முன்சீப்பின் கையெழுத்து சாய்வாக, நீல மசியில். ஆகஸ்ட் 13-க்கு நேராக ஒரு வரி: கோவிந்தன், ஆண், வயது 61. எங்கள் தாத்தா கோவிந்தசாமி.

தம்பி பதறினான். தகவல் தந்தவர் பத்தியைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. வீட்டிலிருந்து யாரும் போய்ச் சொல்லவில்லை. சொன்னவர் ஊர்த் தலையாரி. கட்டைவிரல் ரேகை வைத்திருந்தார். தெருவில் எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படிச் சொல்லியிருக்கிறார், முன்சீப் அப்படியே எழுதியிருக்கிறார். தகப்பனார் பெயரும் தெருவும் பொருந்தியதால் நகல் தந்துவிட்டார்கள். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமும் விஏஓவின் அறிக்கையும் சேர்த்து வைத்தோம். பழைய ஆவணங்களில் பெயர் நூற்றுக்கு நூறு பொருந்தினால்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது என் கட்சி.

நகலில் இறப்புக்கான காரணம் இருக்காது. எழுத்தரின் விடுபாடு அல்ல அது. இறப்புப் பதிவின் நகலில் காரணத்தை வெளியிடக் கூடாது என்று அதே 17-ஆம் பிரிவு தடுக்கிறது. சிங்கப்பூர்ச் சான்றிதழில் காரணம் அச்சாகியே வரும் என்பதால் எனக்கு இது புதிது. எங்கள் வம்சத்துக்கு இதயக் கோளாறு உண்டா என்று அங்கே மருத்துவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தாத்தாவுக்கு மாரடைப்பு என்றுதான் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். மேசைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாகப் படித்தேன். காரணம்: ஜுரம். முன்சீப் டாக்டர் இல்லை. தலையாரி சொன்னதை எழுதினார். மேலேயும் கீழேயும் இருந்த வரிகளிலும் ஜுரம், ஜுரம், வயோதிகம். மருத்துவரிடம் சொல்ல இன்னும் என்னிடம் எதுவும் இல்லை.

பாட்டி 1996-இல் போனார். ஊரில்தான் தகனம், எனவே ஊர்ப் பதிவேட்டில்தான் இருக்கும் என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். ஆனால் இறப்பு, நடந்த இடத்தில்தான் பதிவாகும். சொந்த ஊரோ சுடுகாடோ கணக்கில்லை. பாட்டி கடைசியாகக் கிடந்தது சிதம்பரத்தில், ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். நாம் வாய்வழக்கில் சிதம்பரம் என்கிறோம். மருத்துவமனை இருப்பது அண்ணாமலைநகர். அது தனிப் பேரூராட்சி. சிதம்பரம் நகராட்சியில் எவ்வளவு தேடினாலும் அங்கே நடந்த சாவு அகப்படாது. பேரூராட்சி அலுவலகத்தில் வருடத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், பெயர் உட்பட எல்லாம் சரியாக. வெளியே வந்து டீ குடித்தோம். அந்த வாரத்தில் நிம்மதியாகக் குடித்த டீ அது ஒன்றுதான்.

பெரியப்பா கதை வேறு. 1991-இல் வீட்டிலேயே இறந்தார்; யாரும் பதிவு செய்யவில்லை. தலையாரிகூடச் சொல்லவில்லை போலும். அப்போதே கெடுவுக்குள் சொல்லியிருந்தால் செலவே இல்லை. ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் விசாரித்து உத்தரவு போட்ட பிறகுதான் பதிவு. அதற்கு முன்பாக, தேடிப் பார்த்தோம், பதிவு இல்லை என்று அதே சார் பதிவாளர் அலுவலகத்தில் எழுதி வாங்க வேண்டும். இல்லாததற்கும் ஒரு சான்று; அதற்கும் தேடுதல் கட்டணம் உண்டு. அதை வாங்கி, பெரியப்பா பெயர் நீக்கப்பட்ட பழைய ரேஷன் அட்டையையும் சேர்த்து, தெருவில் சாவுக்கு வந்திருந்த இரண்டு பெரியவர்களைச் சாட்சியாகப் போட்டு மனுக் கொடுத்தோம்.

கிடைத்த நகல்களில் கூடுதலாக ஒவ்வொன்று வாங்கிக்கொண்டேன். லாமினேட் செய்து தருகிறேன் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் ஆசை காட்டினார், வேண்டாம் என்றேன். வெளிநாட்டில் காட்ட அப்போஸ்டில் முத்திரை வேண்டுமானால் தாள் தாளாகவே இருக்க வேண்டும்.

நான் திரும்பிய பிறகு விஏஓ வீட்டுக்கு வந்து பெரியப்பா விஷயமாக விசாரித்துவிட்டுப் போனதாகத் தம்பி சொன்னான். சாட்சிப் பெரியவர்களில் ஒருவர் மகள் வீட்டுக்குத் திருப்பூர் போயிருக்கிறார். அவர் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டால் கோப்பு கோட்டாட்சியர் மேசைக்கு நகரும். பட்டாவெல்லாம் அதற்குப் பிறகு.