கானா கோகோ: ஆம்ஸ்டர்டாமுக்குக் கொட்டையா, தேமாவில் அரவையா, சாக்லேட்டா?

கானாவில் கோகோ கொட்டையின் தரம் பார்க்கப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்து 300 கொட்டைகளை எண்ணுவார்கள். ஒவ்வொன்றையும் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பலகையில் அடுக்குவார்கள். உள்ளே நன்றாகப் பழுப்பேறி, மடிப்பு மடிப்பாக விரிந்திருந்தால் ஒழுங்காகப் புளித்த கொட்டை. கற்பலகை நிறத்தில் இறுகிக் கிடந்தால் புளிக்கவே இல்லை என்று அர்த்தம். பூசணம் பிடித்தது, பூச்சி அரித்தது எல்லாம் தனித்தனிக் கணக்கு. இதில் தேறி, முத்திரை வைத்த பிறகுதான் மூட்டை துறைமுகம் பக்கம் போக முடியும்.

இவ்வளவு கறாராகப் பார்ப்பதால்தான் கானா கொட்டைக்கு உலகச் சந்தையில் டன்னுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கிடைக்கிறது. வாழை இலை போட்டு மூடி ஆறு நாள் புளிக்கவைத்து, மூங்கில் பாயில் ஒரு வாரம் கிளறிக் கிளறிக் காயவைத்த குடும்பத்தின் உழைப்புக்கு வரும் பணம் அது. எந்த வழி நல்லது என்று ஒப்பிடும்போது இந்தக் கூடுதல் விலையை மறந்துவிடக் கூடாது.

அந்த மூட்டைக்கு முன்னால் மூன்று வழிகள். அப்படியே கப்பலேற்றி நெதர்லாந்துக்கு அனுப்பலாம். கானாவின் தேமா துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே அரைத்து, கூழாகவும் வெண்ணெயாகவும் தூளாகவும் அனுப்பலாம். இல்லையென்றால் சாக்லேட்டாகவே செய்து விற்கலாம். “மூலப்பொருளை விற்காதே, பண்டமாக்கி விற்று முன்னேறு” என்ற பேச்சைக் கேட்டவர்களுக்கு விடை வெளிப்படையாகத் தெரியும். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்குக்குள் இறங்கிப் பார்த்தபோது நினைத்தது மாறிவிட்டது.

முதல் வழி: கொட்டையாகவே

பரப்பளவில் கானா நெதர்லாந்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். ஆனால் உலகிலேயே அதிகமாகக் கோகோ கொட்டை இறக்குமதி செய்யும் நாடு நெதர்லாந்துதான். உலகின் மிகப் பெரிய கோகோ துறைமுகம் ஆம்ஸ்டர்டாம். அதற்கு வடக்கே ஸான் ஆற்றங்கரை ஊர்களில் அரவை ஆலைகள் இருக்கின்றன. காற்று அடிக்கும் திசையைப் பொறுத்து ஊரே வறுத்த கோகோ மணக்கும். கோகோவிலிருந்து வெண்ணெயைப் பிழிந்தெடுக்கும் அழுத்து இயந்திரத்துக்கு 1828இல் காப்புரிமை வாங்கியது ஆம்ஸ்டர்டாமின் வான் ஹவுட்டன் குடும்பம். காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துத் தூளின் கசப்பைக் குறைக்கும் முறைக்கு இன்றும் ‘டச்சு முறை’ என்றுதான் பெயர். கானாவோடு டச்சுக்காரர்களுக்கு உறவு இன்னும் பழையது. கானாக் கடற்கரையின் எல்மினா கோட்டையை 1637இல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்து, 1872இல் பிரிட்டனுக்கு விற்கும்வரை வைத்திருந்தார்கள். அந்தக் கோட்டை வழியாக மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள் என்பதைச் சொல்லாமல் இந்த வணிகத்தின் கதையைச் சொல்லக் கூடாது.

இந்த வழியில் கானாவுக்கு இருந்த வசதி, பணம் சீக்கிரம் வரும் என்பது. அரசின் கோகோ வாரியமான கோகோபாட், வரப்போகும் விளைச்சலின் பெரும்பகுதியை முன்கூட்டியே விலை பேசி விற்றுவந்தது. அந்த ஒப்பந்தங்களைக் காட்டி வெளிநாட்டு வங்கிகளிடம் ஆண்டுதோறும் கூட்டுக்கடன் வாங்கிவந்தது. அந்தப் பணம் கொள்முதல் நிறுவனங்கள் வழியாகக் கிராமத்துக் கொள்முதல்காரர் கைக்கு வந்து, அங்கிருந்து விவசாயிக்குப் போனது. பருவம் தொடங்கும்போதே விலை அறிவித்துவிடுவதால் விவசாயிக்கு நிச்சயம் இருந்தது. முப்பது ஆண்டுக்கும் மேலாக இப்படித்தான் ஓடியது.

அப்புறம் 2023-24 பருவம் வந்தது. நோய், வானிலை, கோகோ தோட்டங்களை விழுங்கும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கம் எல்லாம் சேர்ந்து அடித்ததில் விளைச்சல் 5,30,000 டன் அளவுக்குச் சரிந்தது. மூன்றாண்டு முன்பு அது 10 லட்சம் டன்னைத் தாண்டியிருந்தது. உலக விலையோ 2024 ஏப்ரலில் டன்னுக்கு 10,000 டாலருக்கு மேல் போய்விட்டது. ஆனால் கானா தரவேண்டியிருந்த கொட்டை பழைய விலையில், டன் 3,000 டாலருக்கும் குறைவாக, ஏற்கெனவே பேசி முடித்தது. அந்தப் பருவத் தொடக்கத்தில் விவசாயிக்கு அறிவித்த விலை 64 கிலோ மூட்டைக்கு 1,308 செடி (கானாவின் நாணயம்). எல்லைக்கு அந்தப் பக்கம் அதைவிட அதிகம் கிடைக்கும் என்றால் மூட்டை இரவோடு இரவாக எல்லை தாண்டாமல் என்ன செய்யும்? டோகோவுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் கடத்தல் பெருகியது. அடுத்த பருவத்தில் விலையை 3,000 செடிக்கு உயர்த்தினார்கள். அதே 2024இல் கூட்டுக்கடன் முறையையும் கைவிட்டார்கள்.

இரண்டாம் வழி: தேமா அரவை

இதற்காகக் கானா நிறையப் பாடுபட்டிருக்கிறது. அரசின் கோகோ ஆலை 1965இல் தேமாவில் எழுந்தது. சுவிஸ் நிறுவனமான பாரி காலெபோ 2001இல் வந்தது, அமெரிக்காவின் கார்கில் 2008இல் வந்தது. 2020 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்து போயிருந்த கானாவின் அப்போதைய அதிபர் நானா அகுஃபோ-அட்டோ, கச்சாக் கோகோ ஏற்றுமதியை நம்பியே இனி காலம் தள்ளப்போவதில்லை என்று அங்கேயே சொன்னார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

சுங்க வரிதான் தடை என்று பலர் இன்னும் எழுதுகிறார்கள். கானாவைப் பொறுத்தவரை அது பழைய கதை. ஐரோப்பிய ஒன்றியத்துடன் போட்ட இடைக்கால ஒப்பந்தப்படி 2016 டிசம்பரிலிருந்து கொட்டை, வெண்ணெய், சாக்லேட் எதுவானாலும் வரியில்லாமல் நெதர்லாந்துக்குள் போகும்.

சரி, அப்படியானால் எங்கே இடிக்கிறது? அரவையில் 100 கிலோ கொட்டை போட்டால் தோலும் ஈரமும் போய் ஏறக்குறைய 80 கிலோ கூழ் வரும். அதைப் பிழிந்தால் பாதி வெண்ணெய், பாதி தூள். இந்த வேலைக்கு ஆள் அதிகம் வேண்டாம். இயந்திரமும் மின்சாரமும் வேண்டும். எல்லாவற்றையும்விட, காத்திருக்கப் பணம் வேண்டும். கொட்டை அறுவடைக் காலத்தில் மொத்தமாக வரும், ஆலையோ ஆண்டு முழுக்க ஓடவேண்டும். வாங்கி வைத்திருக்கும் கொட்டைக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

கானாவின் மத்திய வங்கி 2023 ஜூலையில் தன் வட்டி விகிதத்தை 30 சதவீதமாக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதம் 4 சதவீதம். ஒரு டன் கொட்டை 3,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதம் கிடங்கில் கிடந்தால் 30 சதவீத வட்டிக்கு 300 டாலர். ஆம்ஸ்டர்டாம் ஆலை 6 சதவீதத்துக்கு வாங்கியிருந்தால் 60 டாலர். ஒரே கொட்டை, ஒரே இயந்திரம், 240 டாலர் வித்தியாசம். செடியின் மதிப்பு சரியும்போது ஏற்றுமதி டாலர் கொஞ்சம் ஈடுகட்டும் என்பது உண்மைதான். டாலரிலேயே கடன் வாங்கலாம் என்றும் சொல்லலாம். ஆனால் 2022 டிசம்பரில் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்திவைத்த நாட்டின் ஆலைக்கு யார் மலிவாகக் கொடுப்பார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. தொடக்கத்தில் சொன்ன அந்தக் கூடுதல் விலை கொட்டைக்குத்தான். அரைத்துப் பிழிந்து வெண்ணெயாக்கிவிட்டால் அது பத்தோடு பதினொன்று. 300 கொட்டை பிளந்து பார்த்த கறார் அதில் யாருக்கும் தெரியாது. இதனால்தான் உள்ளூர் ஆலைகளுக்கு ஆண்டின் நடுவில் வரும் சிறுகொட்டையைத் தள்ளுபடியில் கொடுக்கும் வழக்கம் வந்தது. ஏற்றுமதியில் விலை குறையும் சிறுகொட்டையை உள்ளூரில் அரைப்பது புத்திசாலித்தனம். ஆனால் முதல் பருவத்தின் பெரிய கொட்டையையும் அரைத்தே தீரவேண்டும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆலை யாருடையது என்பதையும் பார்க்கவேண்டும். கார்கில்லுக்கு ஸான் பக்கத்து வோர்மரிலும் ஆலை உண்டு, தேமாவிலும் உண்டு. எங்கே அரைத்தால் லாபமோ அங்கே அரைத்துக்கொள்வார்கள். ஏற்றுமதிக்கான தனி மண்டலத்தில் இருக்கும் ஆலைக்கு முதல் 10 ஆண்டு வருமான வரியும் கிடையாது. 2023-24இல் கொட்டை கிடைக்காமல் கானாவின் ஆலைகளில் பெரும்பாலானவை வாரக்கணக்கில் நின்றபோது, கோகோ விளையும் நாட்டில் கோகோ ஆலை பட்டினி கிடந்ததைப் படித்து மனசு கனத்தது.

மூன்றாம் வழி: சாக்லேட்

கடையில் விற்கும் சாக்லேட்டின் விலையில் விவசாயிக்குப் போவது நூற்றுக்குப் பத்துகூட இல்லை. அதனால் லாபம் முழுக்க இங்கேதான் என்று தோன்றும். ஆனால் சாக்லேட்டுக்குச் சர்க்கரையும் பால் பவுடரும் வேண்டும். கானா இரண்டையும் பெருமளவு வெளியிலிருந்து வாங்குகிறது. வெயிலில் உருகாமல் கொண்டுபோகக் குளிர்சாதன வண்டி வேண்டும். ஐரோப்பியக் கடையின் அலமாரியில் இடம் பிடிக்க விளம்பரப் பணம் வேண்டும்.

இருந்தும் நடக்கிறது. ஜெனீவாவில் ஒரு சாக்லேட் ஆலையைச் சுற்றிப் பார்த்த கிம்பர்லி, பிரிசில்லா ஆடிசன் என்ற கானா சகோதரிகள், ஊருக்குத் திரும்பி 2016இல் தலைநகர் அக்ராவில் ‘57 சாக்லேட்’ தொடங்கினார்கள். கானா விடுதலை பெற்ற 1957தான் அந்தப் பெயர். அரசு ஆலையின் ‘கோல்டன் ட்ரீ’ பார் அதற்கும் பல காலம் முன்பே வந்தது. பிப்ரவரி 14ஐ 2005 முதல் தேசிய சாக்லேட் நாளாகவே கொண்டாடுகிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் முதல் வாடிக்கையாளர் கானாக்காரர்தான். எனக்கு நம்பிக்கை தருவது அதுதான்.

துணி சொல்லும் சேதி

நம்பிக்கைக்குக் காரணம், இதே இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்று. நெதர்லாந்தின் ஹெல்மண்ட் ஊரில் 1846இல் தொடங்கிய விலிஸ்கோ ஆலையின் ‘டச்சு வாக்ஸ்’ துணி மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பேர்போனது. துணியின் இரண்டு பக்கமும் பிசின் பூசிச் சாயத்தில் முக்குவார்கள். பிசின் வெடித்த இடத்தில் சாயம் இறங்கி, முடிபோல மெல்லிய கோடுகள் விழும். இரண்டு துண்டில் அந்தக் கோடு ஒரே மாதிரி வராது. ஓவியம் டச்சு ஆலையில் பிறந்தாலும், துணிக்குப் பெயர் வைப்பது கானாச் சந்தைப் பெண் வியாபாரிகளும் வாங்குகிறவர்களும்தான். ஒரு துணிக்குப் பெயர் ‘அஹ்வெனெ பா ன்காசா’. நல்ல மணி ஓசை எழுப்பாது என்று பொருள். நம் ‘நிறைகுடம் தளும்பாது’ தான்!

1966இல் இதே துணியைத் தேமாவில் அச்சிட ஜிடிபி (கானா டெக்ஸ்டைல் பிரிண்டிங்) ஆலை வந்தது. விலை உயர்ந்த ரகம் ஹெல்மண்டில், அடுத்த ரகம் தேமாவில் என்று ஒரே குழுமத்துக்குள் பங்கு பிரிந்தது. சீன நகல் துணி வந்து சந்தையைக் கலக்கிய பிறகும் தேமா ஆலை நிற்கிறது. வாங்குகிறவர் அக்ராவின் மகோலா சந்தைக்கு நடந்து வரும் தூரத்தில் இருக்கிறார், பெயர் வைத்தவரும் அவரே. கோகோ வெண்ணெய்க்கு அப்படி ஒருவர் கானாவில் இல்லை.

ஆகவே என் தேர்வு இது. பெரிய கொட்டையை முத்திரையோடு, கூடுதல் விலையோடு ஆம்ஸ்டர்டாமுக்கே விற்கட்டும். ஆனால் உலக விலை ஏறினால் விவசாயிக்கும் பங்கு வரும்படி ஒப்பந்தம் மாறவேண்டும். சிறுகொட்டை முழுக்கத் தேமாவுக்கு. அந்தக் கூழில் ஒரு பகுதி கானாவிலேயே சாக்லேட் பாராக மாறி, அக்கம்பக்க நாட்டுக் கடைகளுக்குப் போகட்டும். புது ஆலைக்கு அடிக்கல் நாட்டும் பணத்தை, இருக்கும் ஆலைகளுக்குக் குறைந்த வட்டிக் கடனாகக் கொடுத்தாலே போதும். அடுத்த முறை நடுப்பருவச் சிறுகொட்டை வரத்து தொடங்கும்போது தேமா ஆலைகள் கையில் ரொக்கத்தோடு இருக்கின்றனவா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.